விட்டு வந்தவள்

(சிங்கம்புணரியில் இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கணவனால் கைவிடப்பட்ட பெண்களின் மறுவாழ்வு’. தலைப்பு வைத்த தம்பிகளைக் குறை சொல்லவில்லை. அரசாங்கமே அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் நான் பேச வந்தது வேறொருத்தியைப் பற்றி. அடி, உதை, சந்தேகம், குடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இனி இங்கே கிடந்தால் நானும் இல்லை என் பிள்ளையும் இல்லை என்று முடிவெடுத்து, தானே கிளம்பி வந்தாளே, அவளைப் பற்றி. அவளை யாரும் கைவிடவில்லை. அவள்தான் விட்டுவிட்டு வந்தாள். இது வெறும் இலக்கணச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வித்தியாசத்துக்கு மாதம் 1200 ரூபாய் விலை இருக்கிறது.

தமிழ்நாட்டில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் உண்டு. 1000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்டிலிருந்து 1200. அதை வாங்க 30 வயது ஆகியிருக்க வேண்டும். கணவன் கைவிட்டு 5 ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி பிரிந்துவிட்டதற்குக் கோர்ட் சான்று வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வயதில் கைக்குழந்தையோடு வருகிறாள் ஒருத்தி. 5 வருஷம் பொறுத்தாலும் 27தான் ஆகும், இன்னும் 3 வருஷம் இருக்கிறது. அவளுக்கு அரிசி வேண்டியது வந்த மறுநாள். வாடகைக்கு முன்பணம் வேண்டியது வந்த மாதம். எட்டு வருஷம் கழித்து அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும். அதற்குள் அவள் ஒன்று எழுந்து நின்றிருப்பாள், அல்லது திரும்பிப் போயிருப்பாள். இதில் விசாரணை வேறு: “அவனா விட்டுட்டுப் போனானா, நீயா வந்தியா?” நீயா வந்தேன் என்று உண்மையைச் சொன்னால் விண்ணப்பம் எந்தக் கட்டத்திலும் அடங்காது. பல பேர் அங்கேயே பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். ‘விட்டுட்டுப் போயிட்டாருங்கய்யா.’ தன் வாழ்க்கையில் தைரியமாகச் செய்த ஒரே காரியத்தை, மாதம் 1200 ரூபாய்க்காக அவன் செய்ததாக மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022இல் தமிழக அரசு கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் ஒரு நல வாரியம் அமைத்தது. நல்ல காரியம். விதவை என்ற சொல்லைக் கைம்பெண் என்று மாற்றிக்கொள்ள இந்த மாநிலத்துக்குத் தெரிந்திருக்கிறது. விட்டு வந்தவளுக்கு மட்டும் இன்னும் ‘ஆதரவற்றவள்’ பட்டியலில்தான் இடம். ஊர்ப் பேச்சிலோ அதைவிட மோசம். வாழாவெட்டி என்பார்கள். அடித்தவனுக்கு அப்படி ஒரு பெயர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். நம் சீமையில் உழைக்கும் சாதிகள் பலவற்றில் தீர்த்துக்கொள்வதும் அறுத்துக் கட்டுவதும் நடந்துகொண்டுதான் இருந்தன. கள்ளர் சமூகத்தில் ‘துரும்பு கொடுத்தல்’ என்றே ஒரு வழக்கம் இருந்ததாக 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் பதிவு செய்கின்றன. சாதிசனத்தின் முன்னால் ஒரு துரும்பைக் கொடுத்தால் தீர்ந்தது. துரும்பு வாங்கினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தர்ஸ்டன் நம் மக்களின் மண்டையை அளந்து திரிந்த ஆள்தான், அவர் எழுதியதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ‘தீத்து விட்டாச்சு’ என்ற பேச்சு இன்றைக்கும் நம் அப்பத்தாக்கள் வாயில் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? பிறகு என்ன ஆயிற்று என்றால், சாதிகள் ஒவ்வொன்றும் தன்னை ஒரு படி மேலே காட்டிக்கொள்ள ஆசைப்பட்டன. அதற்கு மேலே இருப்பவனைப் போல நடக்க வேண்டும். அவன் வீட்டில் அறுத்துக் கட்டும் வழக்கம் இல்லை. ஆகவே நம் வீட்டிலும் கூடாது. சாதிக்குக் கிடைத்த கௌரவத்துக்குப் பெண்கள் முதுகைக் கொடுத்தார்கள்.

அதற்காகப் பழைய வழக்கத்தைத் தங்கத் தட்டில் வைக்கவும் வேண்டாம். துரும்பு பஞ்சாயத்தின் முன்னால்தான் கைமாறியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். தீர்த்துக்கொண்டவள் மறுபடி கட்டினாலும் சாதிக்குள்ளேதான் கட்ட முடியும்.

இந்த இடத்தில் அம்பேத்கர் வேண்டும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில், இந்தியாவில் சாதிகள் பற்றி அவர் வாசித்த கட்டுரையின் மையமே இதுதான். அகமணம்தான் சாதியின் உயிர். அந்த அகமணம் நிலைக்க வேண்டுமென்றால் துணை இல்லாமல் மிஞ்சிப்போகும் பெண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சாதி விடை கண்டுபிடித்தாக வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை எல்லாம் அப்படி வந்த விடைகள் என்றார். அவர் பேசியது கணவன் செத்த பெண்ணைப் பற்றி. கணவன் உயிரோடு இருக்கும்போதே மிஞ்சி நிற்கிற பெண், அதாவது விட்டு வந்தவள், சாதிக்கு இன்னும் பெரிய தலைவலி. அவளுக்கு வயது குறைவு, கையில் பிள்ளை இருக்கிறது, வேலைக்குப் போகிறாள், நாளைக்கு யாரோடு வாழ்வாள் என்று யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் நாலு பெரிய மனுஷர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து சமாதானம் பேசுகிறார்கள். அடித்தது தப்புதான் என்பார்கள், ஆனால் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். அவர்கள் சேர்த்து வைப்பது இரண்டு மனிதர்களை என்று நினைக்கிறீர்களா?

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29. சமூகநீதி மண் என்று நாம் மார்தட்டும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். மேரி ராய். எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். அசாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடிகாரக் கணவனை விட்டு, 1960களின் தொடக்கத்தில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கிளம்பியவர். நேராக வந்தது நம் ஊட்டிக்கு. அங்கே இறந்துபோன தன் தந்தைக்குச் சொந்தமான ஒரு சிறு வீடு இருந்தது. அதிலிருந்தும் காலி செய் என்று வந்து நின்றது வெளியாள் இல்லை, கூடப் பிறந்த அண்ணன். திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம் என்று 1916இல் ஒன்று போட்டிருந்தார்கள். அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அந்தச் சட்டம் திருவிதாங்கூருக்குத்தான் செல்லும், ஊட்டிக்குச் செல்லாது. ஒரு மாநில எல்லைக்கோடு அவருக்குக் கூரையைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கோட்டயம் போய் 1967இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். லாரி பேக்கர் கட்டிக் கொடுத்த கட்டடங்களில் அது வளர்ந்தது. சொத்து விஷயத்தை அவர் விடவில்லை, உச்சநீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: அந்தப் பழைய சட்டம் 1951லேயே காலாவதி, சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான பங்கு உண்டு. தேவாலயங்கள் கொதித்தன. குடும்பங்களைப் பிரிக்க வந்தவள் என்றார்கள். தீர்ப்பு கிடைத்தும் அவருடைய பங்கு கைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2022 செப்டம்பரில் காலமானார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். ஆனால் நம்முடைய கூட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மேரி ராய் தன்னை உயர்ந்ததாகக் கருதிக்கொள்ளும் ஒரு சாதியில் பிறந்தவர். படித்தவர். அப்பன் கட்டாவிட்டாலும் அப்பன் விட்டுப்போன ஒரு வீடு, பூட்டியாவது, இருந்தது. அப்படிப்பட்டவருக்கே இத்தனை வருஷம் ஆனது. இந்த ஊர் நார் மில்லில் கழிவு நாரைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிற, கயிறு திரித்துக்கொண்டிருக்கிற ஒரு தலித் பெண் விட்டு வந்தால் அவளுக்கு என்ன இருக்கிறது? பிறந்த வீடு என்பது ஓர் அறை. அதில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. நிலம் இல்லாதவளிடம் 1989இலேயே தமிழ்நாடு மகளுக்குச் சொத்துரிமை கொடுத்துவிட்டது என்று பெருமை பேசி என்ன பயன்? பங்கு கேட்க முதலில் பங்கு இருக்க வேண்டுமே.

வீடு முதல் கேள்வி. ‘உங்க வீட்டுக்காரர் எங்கே இருக்காரு?’ இந்தக் கேள்வி கேட்காமல் வாடகைக்கு வீடு தருகிறவர்கள் குறைவு. அதற்கடுத்த கேள்வி சாதி. சில தெருக்களில் அது முதல் கேள்வி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கூட உரிமை உண்டு என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள், தேவைப்படும். ஆனால் அடித்தவனோடு ஒரே முற்றத்தில் எத்தனை பேரால் படுத்துத் தூங்க முடியும்? வெளியில் வாடகைக்கு வீடு எடுத்தால் அந்தத் தொகையை அவன் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் கேட்கலாம். நாங்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கச் சொல்கிறோம்.

இரண்டாவது, கடன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கம்மி. குழு லோன் எல்லாம் பெண் பெயரில்தான் இருக்கும். பணத்தை வாங்கி அவன் பைக் வாங்கியிருப்பான், குடித்திருப்பான். இவள் விட்டு வந்த பிறகு, அவன் தேடி வருகிறானோ இல்லையோ, தவணைக்காரர் சரியாக வந்து நிற்பார். குழுவில் இருக்கிற மற்ற பெண்களும் கூடவே வருவார்கள், ஏனென்றால் இவள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். அடிக்கு அழாத பெண்கள் இந்த வாசல் சத்தத்துக்கு அழுததைப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போனவர்களில் சிலர் புருஷனுக்காகப் போகவில்லை, தவணைக்காகப் போனார்கள்.

மூன்றாவது காகிதம். குடும்ப அட்டையில் பெயர் அவன் வீட்டில் இருக்கிறது. அவர்கள் நீக்கிக் கொடுத்தால்தானே புது அட்டை? கொடுக்க மாட்டார்கள், அதுதான் அவர்கள் கையில் இருக்கிற கடைசிக் கயிறு. விவாகரத்து இல்லாமலே, கள விசாரணை செய்து அலுவலரே பெயரை நீக்கித் தனி அட்டை கொடுக்கலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. எல்லா மேசைக்கும் இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. கூட ஒருவர் போய் நின்று, ‘சார், உத்தரவு இருக்கிறது’ என்று சொன்னால் அன்றைக்கு வேலை நடக்கிறது.

இதையெல்லாம் சொல்கிற நானும் அப்படி வந்தவள்தான். என் கதை இன்றைக்கு வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தகப்பன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். 1956ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் பிள்ளைக்கு முதல் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் ‘பிறகு’ தாய் என்று எழுதியிருக்கிறது. அந்தப் ‘பிறகு’ என்பதற்கு அவன் செத்த பிறகு என்று பொருள் இல்லை, அவன் பொறுப்பில் இல்லாதபோது என்றுதான் பொருள் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடி போனேன். சேர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பைப் படித்தார்களா என்று தெரியாது, தாளைப் பார்த்துப் பயந்தார்கள்.

சாதி மாறித் திருமணம் செய்த தலித் பெண் விட்டு வந்தால் பிள்ளையின் சாதிச் சான்றிதழிலும் இதே பாடு. தகப்பன் சாதிதான் பிள்ளைக்கு என்று எடுத்தவுடன் சொல்லிவிடுவார்கள். தாயிடம் வளர்ந்து, தாய் பட்ட இழிவையே பிள்ளையும் படுகிறது என்றால் அதைக் காட்டித் தாயின் சாதியைக் கோரலாம் என்று 2012இல், ரமேஷ்பாய் நைக்கா வழக்கில், உச்சநீதிமன்றம் வழி திறந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் உண்மையிலேயே கை கொடுத்தவை எவை என்று யோசித்துப் பார்த்தேன். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மில்லுக்கும் வாய்தாவுக்கும் காசில்லாமல் போய் வர முடிகிறது. 2022லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அடுப்படியில் தனியாக நின்றவளுக்குத்தான் தெரியும். இலவசச் சட்ட உதவியும் அப்படியே. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணும் வருமானச் சான்று இல்லாமல் வக்கீல் கேட்கலாம். இந்த மூன்றும் யாரையும் பார்த்து ‘உன் கணவன் என்ன ஆனான்’ என்று கேட்பதில்லை. பஸ் நடத்துநருக்கு அது தேவையில்லை. உப்புமா பரிமாறுகிற அக்காவுக்கும் தேவையில்லை. விட்டு வந்தவளுக்கென்று தனியாகப் போட்ட திட்டத்தைவிட அவளை விசாரிக்காத திட்டம் அவளுக்கு அதிகம் உதவியிருக்கிறது. நாம் வைக்கிற கோரிக்கையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். அந்த 5 ஆண்டும் 30 வயதும் போக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்ட நாளிலிருந்தே உதவித்தொகை தொடங்க வேண்டும். சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தாலிக்கென்று 8 கிராம் தங்கம் கொடுக்கிற அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை.

இனி நம் வீட்டுக் கணக்கு. இதைப் பேசத்தான் முக்கியமாக வந்தேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது. பிடிக்காத திருமணத்திலிருந்து விலகும் உரிமையும் வேண்டும் என்றது. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கல்யாண விடுதலை என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நாடாளுமன்றம் கொடுமையை விவாகரத்துக்கு முழுக் காரணமாக ஏற்றது 1976இல்தான். அதுவரை இந்துத் திருமணச் சட்டத்தில் அடி வாங்கியவளுக்கு வெறும் நீதிமன்றப் பிரிவுதான். நம்மவர்கள் அரை நூற்றாண்டு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

ஆனால் நம் நினைவில் நின்றது பாதிதான். தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், 1953இல், சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அதைச் செல்ல வைக்க 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவரும் வரை போராடினோம். திருமணத்தைச் செல்ல வைப்பதே பெரும்பாடாகிப்போனதால், விலகுவதைப் பற்றி மேடையில் பேசுவது குறைந்துபோனது என்பது என் எண்ணம். இளவரசனையும் சங்கரையும் இழந்தவர்கள் நாம். ஒவ்வொரு சாதி மறுப்புத் திருமணத்தையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறோம். காக்கத்தான் வேண்டும்.

அந்த வீட்டுக்குள் அடி விழுந்தால்?

பெற்றவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். நீயாத்தானே தேடிக்கிட்டுப் போனே என்பார்கள். அவள் எங்கே வருவாள்? நம்மிடம்தான் வருவாள், தாலி இல்லாமல் மாலை மாற்ற வைத்தவர்களிடம். நாம் அவளிடம் என்ன சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும், கூட இருந்து கேட்டிருக்கிறேன். ‘கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இது வெளியில தெரிஞ்சா சாதிக்காரன் சிரிப்பான். காதல் கல்யாணம் பண்ணுனா இப்படித்தான்னு ஊரெல்லாம் சொல்வான்.’ பஞ்சாயத்துக்காரர் சாதி மானத்துக்காகச் சேர்த்து வைத்தார். நாம் சாதி ஒழிப்பின் மானத்துக்காகச் சேர்த்து வைக்கிறோம். அவள் முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான். அதிலும் அவன் நம் கூட்டங்களில் நன்றாகப் பேசுகிறவனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டில் கோபம் வந்தால் அவன் வாயில் அவள் சாதிப் பெயர் வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவு செய்வது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும்; நாலு சுவருக்குள் சொன்னது அதில் நிற்பது கடினம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதுவும் வன்முறைதான். அந்த மனுவில் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சாதிக்காரன் சிரிக்கட்டும். அவன் வீட்டில் ஜாதகம் பார்த்துக் கட்டி வைத்த பெண்களும்தான் அந்த 38க்குள் இருக்கிறார்கள்.

மனு போட்ட ஒரு பெண்ணுக்கு வாய்தா வருஷக்கணக்கில் போகும். இழப்பு என்னவென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கோர்ட் வாசலில் அவன் ஆட்கள் நாலு பேர் நிற்கும்போது இவள் பக்கம் ஒருவராவது நிற்க வேண்டும். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லிவிட்டார்கள், ஆகவே முதல் வேலையாக மனுவைப் போட்டுவிடுங்கள். அவசரம் என்றால் 181. சட்ட உதவிக்கு 15100. மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சில நாள் தங்கலாம். அதற்குப் பிறகு? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பெண்ணும் பிள்ளையும் பத்து நாள் தங்க இடம் இருக்கிறது? இப்போது கையைத் தூக்க வேண்டாம். வீட்டில் கேட்டுவிட்டு, போகும்போது நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

பின்வரிசையில் மில் வேலை முடிந்து நேராக வந்த இரண்டு பேர் குடும்ப அட்டை விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யத் தெரிந்த தம்பி, தங்கைகள் கொஞ்ச நேரம் இருங்கள். போனில் சார்ஜ் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிபி வர நேரமாகும்.